பிடிக்காது, ஆகாது

ஜூன் 4, புதன்

இன்றும் அதே கூத்து. ஆலங்குளம் பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மரைப் பார்க்கப் போகிற வழியில் நல்ல பசி. ரோட்டோரத்து ஹோட்டலில் உட்கார்ந்து, பொங்கலில் முந்திரி உண்டா என்று கேட்டேன். "உண்டு மேடம், நெய்யில வறுத்துப் போட்டிருக்கு" என்று பெருமையாகச் சொன்னார் சர்வர். "எனக்கு முந்திரி ஆகாது அண்ணாச்சி. தொண்டை அடைச்சு உயிருக்கே ஆபத்தாயிரும். வேற என்ன இருக்கு?" என்றேன். "கவலையே படாதீங்க" என்று உள்ளே போனவர், பொங்கல் தட்டோடு திரும்பி வந்தார். பொங்கலில் அங்கங்கே குழி. முந்திரியைக் கையால் பொறுக்கி எடுத்திருக்கிறார்.

"ஒண்ணு விடாம எடுத்துட்டேன் மேடம்" என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பாலுக்குள்ள பல்லி விழுந்தா, பல்லிய எடுத்துப் போட்டுட்டுப் பாலைக் குடிப்பீங்களா?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கல்லாவில் இருந்த முதலாளி, "பல்லியும் முந்திரியும் ஒண்ணாம்மா? பெரிய எடத்துப் பிள்ளைகளுக்குத்தான் இந்தச் சீக்கெல்லாம் வருது" என்றார். நான் பெரிய இடமாம். மின்வாரிய ஜீப்பில் உட்கார்ந்து இரண்டு பூவன்பழத்தைத் தின்றுவிட்டு வேலைக்குப் போன பெரிய இடம்.

லைன்மேன் ஒருவர் கம்பத்தில் ஏறும் முன் கம்பியில் கரண்ட் இல்லை என்ற உறுதியை, லைன் கிளியரை, வாங்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று சொன்னால் மட்டும் போதாது, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் போட்டுப் பார்த்த பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். சாப்பாட்டுக்கடையில் மட்டும் 'கவலையே படாதீங்க' என்ற வார்த்தையை நம்பி வாயில் வைத்துவிட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

அம்மா இன்று குஷியாக இருக்கிறாள். ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை சிதம்பரநாதன், ரயில்வேயில் சிக்னல் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை வண்ணாரப்பேட்டையில் ஒரு ஹோட்டலில் சந்திப்பு. இப்போதெல்லாம் வீட்டில் வைத்துப் பெண் பார்ப்பதில்லையாம், நாகரிகமாம். எனக்கு உலகத்திலேயே ஆபத்தான இடம் எது என்று பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

"அவங்ககிட்ட முதல்லயே சொல்லிருவோம்மா" என்றேன். அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"ஏட்டி ஆவுடை, ரெண்டு எடம் போனது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. முதல் இடத்துக்காரர்கள், பிறக்கிற பிள்ளைக்கும் இது வருமா என்று கேட்டார்கள். இரண்டாவது இடம், டாக்டரிடம் சர்டிபிகேட் கேட்டது. பழைய வண்டி வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். அந்த இரண்டு வீட்டாரும் என்னை வேண்டாம் என்று சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை. அம்மாதான் ஒரு வாரம் கோவிலுக்குக்கூடப் போகாமல் கிடந்தாள்.

"முந்திரி பிடிக்காதுன்னு சொல்லு. அது பொய் இல்லியே. ஆகாதுன்னு மட்டும் வாயில வரப்படாது. தாலி ஏறட்டும், பொறவு நானே சொல்லுதேன்."

"பிடிக்காதுங்கிறது வேற, ஆகாதுங்கிறது வேறம்மா."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் தலையில கை வச்சுச் சொல்லு."

வைத்தேன். முப்பத்திரண்டு வயதில், காண்ட்ராக்டர்கள் முதுகுக்குப் பின்னால் 'ஹைடென்ஷன் மேடம்' என்று பேர் வைத்திருக்கிற நான், அம்மா தலையில் கை வைத்துப் பொய்க்குச் சத்தியம் செய்தேன். அப்பா பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படித்தார். தலைகீழாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

போனோம், வந்தோம்.

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். கோபம் அடங்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளையுடைய அம்மா பேர் பிரமநாயகி. எல்லோரும் பிரமு என்கிறார்கள், நான் பிரமு அத்தை என்று கூப்பிட வேண்டுமாம். வாய் ஓயாத அம்மாள். உட்கார்ந்ததுமே எல்லோருக்கும் கேசரி சொல்லிவிட்டு, "பொண்ணுக்கு முந்திரி நெறைய வரட்டும்" என்று சர்வரிடம் உத்தரவு போட்டார்கள். நம் ஊரில் மரியாதையை முந்திரியில்தானே அளக்கிறோம். கரண்டியைப் பாத்திரத்தின் அடியில் விட்டு, ஏழெட்டு முந்திரியைத் தேடிப் பிடித்து என் தட்டில் வைத்தார் சர்வர். நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"எனக்கு முந்திரி பிடிக்காது" என்றேன்.

பிரமு அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்கள். "முந்திரி பிடிக்காத பொண்ணா! மதினி, செலவில்லாத மருமகளால்லா பெத்து வச்சிருக்கீய!" அம்மாவும் சிரித்தாள். என் தட்டை எடுத்துத் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டார்கள் அத்தை. நான் இளநீர் மட்டும் குடித்தேன், அதுவும் என் கண்முன்னால் வெட்டச் சொல்லி. "ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று அத்தை முடிவு கட்டிவிட்டார்கள். என்னைப் போய்!

அவரோடு தனியாகப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. லைன் கிளியர் என்ற வார்த்தை எங்களுக்கும் உண்டு, அவர்களுக்கும் உண்டு என்று பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் ரயில் நகரக் கூடாதாம். "கண்ணால பாக்க முடியாத தூரத்துல இருந்து ஒருத்தன் சொல்லுத வார்த்தை. அத நம்பித்தான் ஆயிரம் பேரு வண்டியில தூங்குறாங்க" என்றார். சாதாரண மனிதர்தான். சட்டை என்ன நிறம் என்றுகூட நான் கவனிக்கவில்லை. இளநீலம், பாக்கெட் ஓரத்தில் மைக்கறை.

வீட்டுக்கு வந்து பழைய சோறும் மோரும் சாப்பிட்டேன். பேருக்குத்தான் ஹோட்டலுக்குப் போனது.

ஜூன் 9, திங்கள்

மழை. மேலப்பாளையத்தில் கம்பி அறுந்து விழுந்தது. நாள் முழுக்க வெளியில். கையோடு கொண்டுபோன இட்லியும் சீனியும் காப்பாற்றின.

ஜூன் 11, புதன்

போன் வந்தது. அவர்தான். அம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? அன்னைக்கு சர்வர் முந்திரிய வச்சப்ப நீங்க நாற்காலிய நகத்தி உக்காந்தீங்க. இளநீ வெட்டுத இடம் வரைக்கும் எழுந்து போய்ப் பாத்தீங்க. முந்திரி உங்களுக்குப் பிடிக்காதா, ஆகாதா?"

ஒருவர் இதைக் கேட்டுவிட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிக்காது" என்றேன்.

"சரி. அப்ப லைன் கிளியர்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

பொய் லைன் கிளியர் கொடுப்பது எங்கள் தொழிலில் கொலைக்குச் சமம். யாரிடம் போய் இதைச் சொல்ல? ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா, "கல்யாணக் களை" என்றாள்.

ஜூன் 16, திங்கள்

ஆடி பிறக்கும் முன் உறுதி செய்துவிட வேண்டுமாம். வரும் ஞாயிறு பூ வைக்கிறார்கள், ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில். சாப்பாடு மாப்பிள்ளை வீட்டுச் செலவு. சொதிச் சாப்பாடு.

"சொதியில ஏது முந்திரி? தேங்காப்பாலு, பாசிப்பருப்பு, காய். நீ தைரியமா சாப்பிடலாம்" என்றாள் அம்மா. அது உண்மைதான். எங்கள் வீட்டுச் சொதியில் கிடையாது. எல்லா வீட்டுச் சொதியும் எங்கள் வீட்டுச் சொதி என்று அம்மா நம்புகிறாள்.

முந்திரி தவறி உள்ளே போனால் உடனே போட வேண்டிய என் ஊசி மருந்து எப்போதும் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக்கூட்டில் கைப்பையில் இருக்கும். பட்டுச்சேலைக்கு அந்தப் பை அசிங்கமாக இருக்கும், நான் வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா வாங்கிக்கொண்டாள். சரி, யாரிடம் இருந்தால் என்ன.

ஜூன் 24, செவ்வாய்

இப்போதுதான் எழுத உட்கார முடிகிறது. டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார். கோபம் படுக்க விடவில்லை.

ஞாயிறு. பூ வைத்தார்கள். பந்தியில் உட்கார்ந்தோம். சொதி வெள்ளை வெளேரென்று, கெட்டியாக இருந்தது. நம் வீட்டுச் சொதி இவ்வளவு கெட்டியாக இருக்காதே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியபோதே கையை எடுத்திருக்க வேண்டும். எதிரே அவர் உட்கார்ந்து, "உங்களுக்காகச் சொல்லி வச்சிருக்கேன், முந்திரி எதுலயும் கிடையாது" என்றார். இரண்டு வாய் சாப்பிட்டேன்.

முதலில் உதடு. பிறகு காதுக்குள் அரிப்பு. அம்மாவின் கையைப் பிடித்தேன். அவளுக்கு ஒரு பார்வை போதும், புரிந்துவிட்டது. என் தோளை அணைத்து எழுப்பி, "பிள்ளைக்குப் புழுக்கம் தாங்கல" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுக் கை கழுவுகிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். "ஊசிம்மா" என்றேன். பை அவள் தோளில்தான் இருந்தது. அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். "கொஞ்சம் பொறு தாயி. எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காக. கொஞ்சம் பொறு."

பிறகு எனக்குக் குரல் போய்விட்டது. சுருண்டு விழுந்திருக்கிறேன். யாரோ தூக்கினார்கள். அடுத்த தெரு ஆஸ்பத்திரி.

இதுவரை நடந்ததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். இனி எழுதப் போவதை எப்படி என்று தெரியவில்லை. கண் திறக்க முடியவில்லை, பேச முடியவில்லை, ஆனால் காது கேட்டது. டாக்டர், ஒரு பெண், கேட்டார்: "என்ன சாப்பிட்டாங்க? எதுவும் அலர்ஜி உண்டா?"

அம்மா சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். காலையில இருந்து வெறும் வயிறு. பித்த மயக்கம்."

கட்டிலைச் சுற்றி அவர்கள் வீட்டார் நின்றிருந்தார்கள் என்பதற்காக. என் மூச்சு நின்றுகொண்டிருந்தபோது. பெற்ற தாய்.

"ஆகாது டாக்டர்!"

அப்பா. அப்பா சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. "முந்திரி ஆகாது. சின்னப் பிள்ளையில இருந்தே ஆகாது. ஊசி இவ பையிலதான் இருக்கு." அம்மாவின் தோளிலிருந்து பையைப் பிடுங்கிக் கட்டிலில் கொட்டினார். கண்ணாடிக்கூடு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை, தன்னிடமிருந்த மருந்தைத் தொடையில் போட்டுவிட்டார்.

எழுதியாயிற்று.

ஜூன் 25, புதன்

அம்மாவோடு பேசவில்லை. கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 26, வியாழன்

பிரமு அத்தை வந்தார்கள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா கதவோரமாகவே நின்றாள். நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். அத்தை என்னைப் பார்க்கக்கூட இல்லை, நேராக அம்மாவிடம் போனார்கள்.

"ஏன் மதினி, எங்க கையாலயே பிள்ளைக்கு விஷத்தக் குடுக்க வச்சிட்டீயளே. பூ வைக்கப் போன எடத்துல மருமகளக் கொன்னுட்டு வந்தாகன்னு ஊரு பேசாதா? நான் அந்த முந்திரிய அள்ளி அள்ளி வைக்கச் சொன்னேனே, அன்னைக்கே ஒரு வாய் சாப்பிட்டிருந்தா? அப்பவும் சிரிச்சிக்கிட்டுதான இருந்தீய!"

"சொன்னா வேண்டாம்ன்னுட்டுப் போயிருவீகன்னு..." என்றாள் அம்மா.

"போயிருப்போமோ என்னமோ! அது எங்க பாடு. பிள்ள உசிருக்கு ஆபத்து வந்திருக்காதுல்லா?"

எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. இத்தனை நாள் நான் படப் பயந்த கோபத்தையெல்லாம் இந்த அம்மாள் எனக்காகப் படுகிறார்கள். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, "நீயும் தான். வாயில்லாப்பூச்சியா நீ? கரண்ட் ஆபீஸ்ல அவ்வளவு சத்தம் போடுதியாமே" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார்கள்.

ஜூன் 28, சனி

அவர் வந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஹோட்டல் சமையல்காரரிடம் போய்க் கேட்டாராம். "பொண்ணுக்கு முந்திரி பிடிக்காதுன்னுதான சார் சொன்னீங்க? கண்ணுல பட்டாத்தான பிடிக்காது. தாளிச்சுப் போடல. சொதியில பாலு திரிஞ்சிரப்படாதுன்னு முந்திரிய அரைச்சு ஊத்துறது எப்பவும் உள்ளதுதான். ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தனியா வச்சிருப்பேனே" என்றாராம்.

ஆகாது என்று சொன்னவளுக்கு ஆலங்குளத்தில் குழி விழுந்த பொங்கல் வந்ததே, அதை அந்த மனிதருக்கு யார் சொல்வது? சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு என்றால் நான் எங்கே போய்ச் சாப்பிட? இதையெல்லாம் அவரிடமே கொட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது.

"நான் உங்ககிட்ட நேராக் கேட்டேன். நீங்க குடுத்த லைன் கிளியர நம்பி நானே சொதிய ஊத்தச் சொன்னேன். எனக்கு ஆறு நாளாத் தூக்கம் இல்ல."

"சத்தியம் வாங்கிட்டாங்க."

"செத்துப் போனா சத்தியம் எதுக்கு?"

தெருவில் கோலப்பொடிக்காரர் போனார். சிதம்பரநாதன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "முந்திரிய விடுங்க. என்னையப் பிடிக்காதா, ஆகாதா? இந்தத் தடவை உண்மையச் சொல்லணும்."

நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. அதே இளநீலச் சட்டை. மைக்கறை போகவில்லை. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்தால் போகும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூலை 2, புதன்

ஆவணியில் முகூர்த்தம் பார்க்கிறார்களாம். பந்தியில் முந்திரி எதிலுமே கிடையாது என்று பிரமு அத்தை சமையல்காரரிடம் சொல்லிவிட்டார்களாம். "கஞ்சப்பய வீட்டுக் கல்யாணம்னு ஊரு சொன்னாச் சொல்லிட்டுப் போகுது" என்றார்களாம்.

அம்மாவிடம் இன்னும் தேவைக்குத்தான் பேச்சு. குழம்பு வேணுமா, வேண்டாம். சேலை எடுக்க எப்போது போகலாம், ஞாயிறு. அவள் மெலிந்துவிட்டாள். அதற்கு நான் என்ன செய்ய?

ஜூலை 6, ஞாயிறு

டவுனில் சேலை எடுத்தோம், நானும் அம்மாவும். அம்மா எடுத்துக் காட்டியதையெல்லாம் வேண்டாம் என்றேன். கடைசியில் அவள் முதலில் காட்டியதையே எடுத்தேன்.

வெயில். அம்மாவுக்குத் தலை சுற்றியது. பக்கத்து ஹோட்டலில் நல்ல கூட்டம், இடம் கிடைத்து உட்கார்ந்தோம். சர்வர் வந்தார். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "எனக்கு முந்திரி..." என்று தொடங்கும்போதே அம்மா என் கையை அமுக்கினாள். இன்னுமா என்று எனக்குத் தலைக்கு ஏறியது. கையை உதறப் போனேன்.

"தம்பி, எம் மகளுக்கு முந்திரி ஆகாது" என்றாள் அம்மா.

உதறப் போன கையை அவள் பிடியிலேயே விட்டுவிட்டேன்.

"சரிம்மா, பிடிக்காதுன்னா கிச்சடியில எடுத்துட்டுக் குடுக்கச் சொல்லுதேன்" என்றார் சர்வர்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள். சேலைப் பை மடியிலிருந்து கீழே விழுந்தது. "பிடிக்காதுன்னு எவன் சொன்னான்? நாலு வயசுல டப்பாவத் தொறந்து வச்சுக்கிட்டு அம்மா இன்னும் இன்னும்னு கை நீட்டுவா. நாந்தான் கை நெறையக் குடுத்தேன், இந்தக் கையாலதான் குடுத்தேன். மூஞ்சி வீங்கி நீலம் பாரிச்சுப் போனா எம் பிள்ள. உசிரா பிடிக்கும்யா அவளுக்கு! ஆகாது! செத்துப் போவா! எடுத்துட்டுன்னு சொல்லாத, அந்தக் கரண்டி படாம, அந்தச் சட்டி படாம என்ன இருக்கு, அதச் சொல்லு!"

ஹோட்டல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஒருவர் தோசையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

எனக்கு முந்திரி பிடிக்கும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன் ருசிகூட ஞாபகம் இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

"இட்லித் தட்டு தனியாத்தான் இருக்கும்மா" என்றார் சர்வர், குரல் இறங்கி. "போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று நகர்ந்தவரை அம்மா விடவில்லை. அவர் பின்னாலேயே சமையலறைக்குள் போனாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் தானே இரண்டு தட்டோடு வந்தாள். இட்லி, பக்கத்தில் சீனி. முதலில் என் தட்டிலிருந்து ஒரு விள்ளலை எடுத்து அவள் தின்று பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளினாள்.

நான் சாப்பிட்டேன். அம்மாவும் சாப்பிட்டாள்.